மெமரி சிப்புக்கு இலக்கமிடுதல்

கணினியில் இருக்கிற ஒரு நெசவு டிசைனை மெமரி சிப்புக்கு ஏற்றப் பதினொரு செக்கன் செல்லும். புத்தளம் டவுனில் ஒரு போன் கடையில் வைத்து நானே மணிக்கூட்டைப் பார்த்துச் சரிபார்த்தேன். கரையோர நவீன நெசவு மேம்பாட்டு நிலையம் அதே வேலையை நாற்பத்தாறு நாளில் செய்து முடித்தது. முடித்தது என்பதும் அவர்களுடைய சொல்தான். அந்த நிலையத்தின் மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லையென்று எழுத ஆசைதான், ஆனால் பொய் எழுதிப் பழக்கமில்லை.

மாம்புரிக்குப் போகிற வழியில், தென்னந்தோட்டம் முடிந்து வெங்காயப் பாத்திகள் தொடங்குகிற இடத்தில் அந்தக் கட்டடம் நிற்கிறது. யுத்தம் முடிந்து மூன்றாம் வருடம் கட்டினார்கள். இந்தக் கரையில் வலை பின்னுவார்கள், கருவாடு காயவைப்பார்கள், உப்பு வாருவார்கள். துணி நெய்தவர் யாருமில்லை. ஆனால் தேர்தலுக்கு முன்னர் திறந்துவைக்க ஒரு கட்டடம் தேவைப்பட்டது, வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு எங்காவது இறக்கிவிட ஒரு தறி இருந்தது. அந்தத் தறிக்கு டிசைனைக் கணினியில் கீற வேண்டும். அதை மெமரி கார்டில், இங்கே எல்லோரும் சொல்கிற மாதிரி சிப்பில், ஏற்றித் தறியின் பக்கத்தில் இருக்கிற துவாரத்தில் செருகினால், எந்த நூல் எழும்ப வேண்டும் எது கீழே கிடக்க வேண்டுமென்று அதுவே பார்த்துக்கொள்ளும். சிப் இல்லாவிட்டால் அது ஒரு பெரிய இரும்புக் கட்டில். கணினி அறைக்கும் தறி அறைக்கும் இடையில் பதினாறு அடி.

அந்தத் தறிக்கு டிசைன் கீறவும் தெரிந்த ஒரே ஆள் ஸுல்பிகா. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து முசலியிலிருந்து உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டபோது அவளுக்கு நாலு வயது. வளர்ந்தது புத்தளத்து முகாமில். நிலையத்துக்கு வருமுன் மாம்புரித் தோட்டங்களில் நாட்கூலிக்கு வெங்காயம் பிடுங்கினாள். பயிற்சிக்கு ஆள் சேர்த்தபோது அவளோடு பாத்தியில் நின்ற எட்டுப் பெண்களும் கூடவே வந்தார்கள். திறப்பு விழாவில் படம் எடுக்கத்தான் தங்களைச் சேர்த்தார்கள் என்பது அவர்களுக்குப் பிறகுதான் விளங்கியது. விளங்கிய பிறகும் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை, தறியோடு வந்த வெளிநாட்டுப் பயிற்சியாளர் தன் சிப்போடு திரும்பிப் போகுமுன் நெய்யப் பழகினார்கள். ஸுல்பிகா கணினியிலும் குந்தி, நாலு மாதம் கட்டம் கட்டமாக நிறம் வைத்து, ஒரு டிசைனைக் கீறி முடித்தாள். நடுவில் உப்பளப் பாத்திகள், கரையில் வெங்காயப் பூ.

அதைத் திரையில் பார்த்தவள் ஷானிகா. கண்டக்குழிப் பக்கம் புதிதாக முளைத்திருக்கிற விடுதிகளுக்குக் கட்டில் விரிப்பும் மேசை விரிப்பும் வாங்கிக் கொடுக்கிற சிலாபத்துப் பெண். அவளுடைய பேச்சில் சுற்றிவளைப்பு இல்லை.

"இண்டைக்கு இருந்து அம்பதாவது நாள் காலையில பத்து மணிக்கு வருவன்," என்றாள். "இந்த டிசைன நெய்து ஒரு துண்டு காட்டுங்க. நல்லாயிருந்தா உங்க ஒன்பது பேருக்கும் ரெண்டு வருஷத்துக்கு வேல இருக்கு. இல்லாட்டி நான் வேற இடம் பாக்கணும், கோவிக்கக் கூடாது."

ஸுல்பிகா அன்றைக்கே பணிப்பாளர் ஜோர்ஜின் அறைக்குப் போனாள். புத்தளம் டவுனில் வாங்கிய ஒரு சிப்பைக் கையோடு கொண்டுபோய் மேசையில் வைத்தாள். பணிப்பாளர் தன் கதிரையை அரை அடி பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வெளிச் சிப்பில் வைரஸ் இருக்கும். போன வருடம் டெங்கு வந்தபோதே நாங்கள் எவ்வளவு கவனமாக இருந்தோம் என்று உங்களுக்குத் தெரியும்."

"அப்ப ஒபிஸ் சிப்பத் தாங்க சேர். டொறத்தி மிஸ் ஒரு நிமிஷத்துல ஏத்தித் தருவா."

"ஸுல்பிகா, இந்த நிலையம் யாருடையது?"

"அரசாங்கத்துட, சேர்."

"இல்லை. உங்களுடையது. இடம்பெயர்ந்த, வறுமைப்பட்ட பெண்களின் கைகளில் நவீனத் தொழில்நுட்பத்தை ஒப்படைப்பதற்காகவே நான் ஒவ்வொரு நாளும் சிலாபத்திலிருந்து வந்து போகிறேன். அதனால்தான் நீங்கள் எதையும் தொடக்கூடாது என்று சொல்கிறேன். எழுத்தில் ஒரு விண்ணப்பம் தாருங்கள்."

விண்ணப்பம் கொடுத்தாள். டிசைன் ஏற்றுவதற்கென்று நிலையத்தில் படிவம் கிடையாது என்பது பன்னிரண்டாம் நாள் கண்டுபிடிக்கப்பட்டது. கிட்டத்தட்டப் பொருந்துவது 'லொறி மூலம் பொருட்களை இடமாற்றுதல்' என்ற படிவம்தான். அதை நிரப்பியவர் கணினி உத்தியோகத்தர் டொறத்தி. வேலை தெரிந்தவர், நல்லவர், அதனால் எந்நேரமும் பயந்துகொண்டே இருப்பார். லொறி இலக்கம் என்ற இடத்தில் கோடு போட்டார். சாரதியின் பெயர் என்ற இடத்தில் ஸுல்பிகா என்று எழுதினார். தூரம் பதினாறு அடி. பாரம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனையை வைத்துவிட்டு, களஞ்சியக்காப்பாளரிடம் கேட்டுவரச் சொன்னார்.

களஞ்சியக்காப்பாளர் அபூசாலி இருபத்தெட்டு வருடம் ஒரு உப்புக் களஞ்சியத்தில் வேலை செய்து ஓய்வுபெற்று, மறுபடி இங்கே எடுக்கப்பட்டவர். நேர்மையான மனிதர், மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் 'நானா', அதாவது அண்ணன். ஒரு குண்டூசி வீட்டுக்குக் கொண்டு போனதில்லை. இப்படிப்பட்டவர்களிடம்தான் மனிதர் மாட்டிக்கொள்ளக் கூடாது.

"தங்கச்சி, டிசைன் எத்தின கிலோ?"

"அதுக்குப் பாரம் இல்ல நானா."

"பாரமில்லாத சாமான் ஒலகத்துல ஈக்கா? செரி, கசிவு எத்தின வீதம் போடுற? உப்பெண்டா மழ காலத்துல நூத்துக்கு மூணு விடுவோம்."

ஸுல்பிகா கசிவு இல்லையென்றாள். கசிவு இல்லாமல் எந்தப் பொருளும் பதினாறு அடி போகாது என்று அபூசாலி தலையை ஆட்டினார். கடைசியில் ஏற்றுமுன் ஒரு தடவையும் ஏற்றியபின் ஒரு தடவையும் சிப்பை நிறுப்பது என்று முடிவானது. அதற்கு நகைக்கடைத் தராசு வேண்டும். தராசை இரவல் எடுக்க ஒரு கடிதம், தராசு சரியானதென்று ஒரு கடிதம், ஒபிஸ் சிப் இருக்கிற அலுமாரியைத் திறக்க மூன்று பேருடைய கையெழுத்து. முப்பத்தெட்டாம் நாள் சிப் வெளியே வந்தது. தபால் முத்திரையளவு, கறுப்பு நிறம், பின்பக்கத்தில் பித்தளை நிறத்தில் சின்னச் சின்னக் கோடுகள். இரண்டு கிராம் இருந்தது.

கணினியின் சிப் துவாரத்தில் ஒட்டியிருந்த முத்திரைக் கடதாசியைப் பணிப்பாளர் தன் கையால் கிழித்தார். டொறத்தி ஏற்றினார். பதினொரு செக்கன். அபூசாலி சிப்பை வாங்கி மறுபடி தராசில் வைத்தார். இரண்டு கிராம்.

"ஒண்டும் ஏறல்ல சேர்," என்றார்.

ஏறியிருக்கிறது என்று காட்டுவதற்காக டொறத்தி சிப்பைத் திரும்பச் செருகித் திரையில் டிசைனைத் திறந்தார். அத்தோடு நின்றிருக்கலாம். பயந்த மனிதர்கள் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்வார்கள். "கம்பியூட்டர்ல இருக்கிறதும் இதும் ஒண்டுதான், பாருங்க அபூசாலி," என்று பக்கத்தில் மற்றதையும் திறந்து காட்டினார்.

அபூசாலி விரலை நீட்டி, ஒன்று, இரண்டு என்று எண்ணினார்.

"சாமான் வெளியால போயிட்டு. உள்ளுக்கும் ஈக்கு," என்றார். "சேர், ஒரு மூட்ட உப்ப லொறில ஏத்தினா களஞ்சியத்துல ஒரு மூட்ட கொறயணும். இதுல கொறயல்ல. ரெண்டாயிட்டு."

"ரெண்டு கிடந்தா யாருக்கு என்ன நட்டம் நானா? நல்லதுதானே," என்றாள் ஸுல்பிகா.

"தங்கச்சி, கொறஞ்சா களவு. கூடினா அதவிடப் பெரிய களவு. எங்க இருந்து வந்தெண்டு கணக்குப் பாக்கிற ஓடிட்டர் கேட்டா நான் என்ன செல்ற?"

பணிப்பாளர் உடனே தன்னையும் அபூசாலியையும் டொறத்தியையும் சேர்த்து மூவர் குழுவொன்றை நியமித்தார். மூவரும் அங்கேயே நின்றார்கள் என்றாலும் குழு கூடுவதற்கு எட்டு நாள் எடுத்தது. நாற்பத்தாறாம் நாள் முடிவு வந்தது. மேலதிகமாக உள்ள டிசைனைக் கணினியிலிருந்து அழித்துவிட வேண்டும். ஸுல்பிகா அழிக்க வேண்டாமென்று கேட்டாள். சிப் பழுதானால் நாலு மாத வேலையும் போய்விடும் என்றாள். அவள் சாரதி, சாரதிக்குக் குழுவில் கதைக்க இடமில்லை என்று படிவத்தைக் காட்டினார்கள். டொறத்தி அழித்தார். அபூசாலி திரையின் மூலையைக் காட்டி, "அந்தக் குப்பத் தொட்டிக்குள்ள என்ன கெடக்கு?" என்று கேட்டார். அதையும் வெறுமையாக்கினார்கள். பணிப்பாளர் துவாரத்தின் மேல் புது முத்திரைக் கடதாசி ஒட்டிக் கையெழுத்து வைத்தார்.

அன்றைக்கு எல்லோரும் தேநீர் குடித்தார்கள். கணக்கு ஒத்துப்போய்விட்டது.

இனிச் சிப்பைப் பதினாறு அடி கொண்டுபோய்ச் செருக வேண்டியதுதானே என்று நினைக்கிறவர்கள் இந்த நாட்டில் ஒரு அரசாங்கக் கட்டடத்துக்குள்ளும் போனதில்லையென்று அர்த்தம். எந்தக் கதிரையைப் புரட்டினாலும் முதுகில் வெள்ளைப் பெயின்றில் ஒரு இலக்கம் இருக்கும். மேசையில் இருக்கும், மணிக்கூட்டில் இருக்கும், தண்ணீர்க் கோப்பையில் இருக்கும். இந்த நிலையத்தில் விளக்குமாற்றின் பிடியிலும் இருந்தது. இலக்கம் இல்லாத பொருளைப் பாவனைக்குக் கொடுக்க முடியாது. இதுவரை சிப் அலுமாரிக்குள் இருந்ததால் இலக்கம் தேவைப்படவில்லை. இப்போது பாவனைக்குப் போகிறது.

நிலையத்தின் பெயர்ச் சுருக்கம், வருடம், பிரிவு, பொருளின் வகை, வரிசை எல்லாம் சேர்த்தால் இருபத்திரண்டு எழுத்து. சிப்போ தபால் முத்திரையளவு. அபூசாலி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆக மெல்லிய தூரிகையால், மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினார். முன்பக்கத்தில் பன்னிரண்டு எழுத்துதான் கொண்டது. மிச்சப் பத்தையும் திருப்பிப் பின்பக்கத்தில், பித்தளைக் கோடுகளுக்கு மேலே எழுதினார். முதல் பூச்சு மங்கலாக இருந்ததால் இரண்டாம் பூச்சும் கொடுத்தார். பிறகு மதிலில் வெயிலில் வைத்துவிட்டு, காகம் தூக்கிக்கொண்டு போகாமல் ஒரு கதிரையைப் போட்டுப் பக்கத்திலேயே குந்தியிருந்தார். அவ்வளவு அக்கறையை அந்த மனிதர் தன் பெற்ற பிள்ளைக்குக் காட்டியிருப்பாரோ தெரியாது.

நாற்பத்தெட்டாம் நாள் காலை சிப் ஸுல்பிகாவின் கைக்கு வந்தது. தறியில் செருகினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. கழற்றித் துடைத்துச் செருகினாள். சிவப்பு. திருப்பிப் பார்த்தாள். தறி தொட்டு வாசிக்கிற பித்தளைக் கோடு ஒன்றும் வெளியில் தெரியவில்லை, பால் நிறத்தில் கெட்டியாகப் பெயின்ற்தான் தெரிந்தது.

அவள் நிலத்தில் குந்திவிட்டாள். டிசைன் கணினியில் இல்லை. இருப்பது அந்தப் பெயின்றுக்குக் கீழே. ஷானிகா வருவது நாளை மறுநாள். எட்டுப் பெண்களும் தறியைச் சுற்றி நின்றார்கள்.

மத்தியானம் பணிப்பாளரும் அபூசாலியும் சாப்பிடப் போன நேரம் ஸுல்பிகா சவரப் பிளேட் ஒன்றை எடுத்தாள். டொறத்தி தறி அறை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"நான் ஒண்டையும் காணேல்ல, ஸுல்பிகா. நான் வாசலத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன். கெதியாச் செய்."

முக்கால் மணித்தியாலம் ஒவ்வொரு கோடாகச் சுரண்டினாள். பின்பக்கம் முடிந்ததும், ஒட்டிக்கொண்டிருந்த துகள் தறிக்குள் போகாமல் இருக்க முன்பக்கத்தையும் சுத்தம் செய்தாள். செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. அந்த நாற்பத்தெட்டு நாளில் அந்தக் கட்டடத்துக்குள் யாராவது உருப்படியான ஒரு வேலை செய்தார்கள் என்றால் அது அந்த முக்கால் மணித்தியாலம்தான்.

அன்று பின்னேரமும் மறுநாள் முழுவதும் ஒன்பது பேரும் மாறி மாறித் தறியில் நின்றார்கள். கருநீலத்தில் வெள்ளைப் பாத்திகள், கரையில் ஊதா கலந்த வெங்காயப் பூ. இரண்டு யார் நீளத்துக்குத் துணி. நான் அதைப் பார்த்தேன், தொட்டும் பார்த்தேன். கொழும்பில் கண்ணாடிக்குள் வைத்து விற்கிற எந்தத் துணிக்கும் அது குறைந்ததில்லை.

ஐம்பதாம் நாள் காலை எட்டு மணிக்குப் பணிப்பாளரும் அபூசாலியும் தறி அறைக்கு வந்தார்கள். பணிப்பாளர் துணியைப் பார்த்து மகிழ்ந்து, தன் உழைப்பு வீண்போகவில்லை என்றார். அபூசாலி துணியைப் பார்க்கவில்லை. சிப்பைத் தறியிலிருந்து கழற்றிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"சேர், எங்கட சிப் காணாமப் போயிட்டு. இலக்கமில்லாத சிப் ஒண்டு வந்தீக்கு."

"நானா, அதுதான் இது. நான்தான் பெயின்றச் சுரண்டினன். சுரண்டாட்டி தறி வாசிக்காது."

"அப்பிடிச் செல்லக் கூடாது தங்கச்சி. சாமான் பதியிற புத்தகத்துல ஈக்கிறது இலக்கம் போட்ட சிப்பு. இதுல இலக்கமில்ல. அப்ப இது அதில்ல."

பணிப்பாளர் அரச சொத்தின் இலக்கத்தை அழித்தமை பற்றி விசாரணை நடக்குமென்று அறிவித்தார். சிப்பை ஒரு கடித உறைக்குள் போட்டு, அரக்கு உருக்கி முத்திரை வைத்து, விசாரணை முடியும்வரை திறக்கப்படாது என்று மேலே எழுதினார்கள். அத்தோடு டிசைன் மறுபடி பூட்டுக்குள் போனது. மிஞ்சியது துணி. ஒரு தடவை பட்டுவிட்ட அபூசாலி இந்த முறை ஏமாறத் தயாராக இல்லை. ஸுல்பிகா கை கழுவப் போய்த் திரும்பி வருவதற்குள் துணியை மேசையில் விரித்து, பெயின்ற் தகரத்தைத் திறந்துவிட்டார். இலக்கம் ஒரு பார்வையில் தெரியக்கூடிய இடத்தில் இருக்க வேண்டுமென்பது சுற்றறிக்கை. சுரண்டி எடுக்க முடியாதபடி இந்த முறை தடித்த தூரிகை. இருபத்திரண்டு எழுத்தும் துணியின் நட்டநடுவில் தாராளமாக அடங்கின.

ஸுல்பிகா வாசலில் நின்று பார்த்தாள். அவளுடைய கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பத்து மணிக்கு ஷானிகா வந்தாள். சொன்ன நேரத்துக்கு வந்த ஒரே ஆள். துணியின் கரையைத் தொட்டுப் பார்த்தாள், வெங்காயப் பூவை விரலால் தடவினாள், முகம் மலர்ந்தது. பிறகு நடுவுக்கு வந்தாள். பெயின்ற் இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டியது.

"இது என்ன?"

பணிப்பாளர் தொண்டையைச் செருமினார். "இதுதான் எங்கள் நிலையத்தின் சிறப்பு. இங்கே பொருட்கள் காணாமல் போவதில்லை. இந்தத் துணி உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும், எந்த அலுமாரியிலிருந்து போனது என்று ஒருவர் சொல்லிவிடலாம். யுத்தம் எல்லாவற்றையும் இழக்கச் செய்த மக்களுக்கு நாங்கள் கற்றுக்கொடுப்பது இதைத்தான். பாதுகாப்பு."

ஷானிகா அவரைப் பார்க்கவில்லை. ஸுல்பிகாவைச் சிங்களத்தில் தங்கச்சி என்று அழைத்துக் கேட்டாள்.

"நங்கி, இன்னொண்டு நெய்ய எத்தின நாள்?"

"சிப் இருந்தா ஒண்டரை நாள் மிஸ்."

"அப்ப சிப்பக் குடுங்க மிஸ்டர் ஜோர்ஜ். நான் வெள்ளிக்கிழமை திரும்ப வாறன்."

"அது விசாரணையில் இருக்கிறது. திறக்க முடியாது."

"விசாரணை எப்ப முடியும்?"

"இன்னும் ஆரம்பிக்கவில்லை."

ஷானிகா கைலேஞ்சியால் விரலைத் துடைத்தாள். ஸுல்பிகாவின் தோளில் கை வைத்து, "எனக்கு மனம் சரியில்ல நங்கி. ஆனா விடுதிக்காரர் எனக்காகப் பாத்துக்கொண்டிருக்க மாட்டாங்க," என்றாள். அவளுடைய வேன் சிலாபத்துக்குப் போகிற வழியில், முந்தல் பக்கமாகத் திரும்பிப் போனது.

அன்று மாலை பணிப்பாளர் எல்லோரையும் கூட்டிப் பேசினார். மனம் தளர வேண்டாம் என்றார். சிப் உறைக்குள் பத்திரமாக இருக்கிறது, கணினி முத்திரையோடு இருக்கிறது, துணி இலக்கத்தோடு இருக்கிறது, ஆகவே நிலையத்துக்கு எந்த இழப்பும் இல்லை என்றார். அபூசாலி எழுதிக்கொண்டார்.

"எங்கட வேல போச்சே சேர்," என்றாள் ஸுல்பிகா. "ஒம்பது பேருட ரெண்டு வருஷ வேல."

பணிப்பாளர் அபூசாலியின் பக்கம் திரும்பினார். அபூசாலி பொருட்பதிவுப் புத்தகத்தை முதலாம் பக்கத்திலிருந்து விரலால் வரிவரியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவசரப்படவில்லை. கடைசிப் பக்கத்தில் நிமிர்ந்தார்.

"அப்பிடி ஒண்டு இதுல இல்ல சேர்."

"அப்படியானால் அது தொலையவில்லை," என்றார் பணிப்பாளர்.

அடுத்த திங்கட்கிழமை ஒன்பது பேரும் மாம்புரித் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கினார்கள். நிலையத்தில் தறி நிற்கிறது, விருந்தினர் வந்தால் காட்டுகிறார்கள். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. லொறிப் படிவத்தின் கடைசியில் 'பொருள் குறைவின்றிக் கிடைத்தது' என்று சாரதி கையெழுத்து வைக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அது நிரம்பாமல் வருடக் கணக்கை மூட முடியாது, அது மூடப்படாமல் பணிப்பாளருக்குப் பதவி உயர்வு கிடைக்காது. அபூசாலி வெயிலில் சைக்கிள் மிதித்துத் தோட்டத்துக்கு இதுவரை ஏழு தடவை வந்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் ஸுல்பிகா நிமிராமலே பதில் சொல்கிறாள்.

"எழுத்தில ஒரு விண்ணப்பம் தாங்க நானா, பாப்பம். இப்ப நேரமில்ல, வெங்காயம் கிடக்கு."